சுண்ணாம்பு வைத்த முட்டு

வாளியை இப்படி என் காலடியில் வைங்க சார். மடியில் வச்சுக்கிட்டு திருச்சி வரைக்கும் எப்படி வருவீங்க? மெத்தையைக் கொடுங்க, மேலே போட்டுடறேன். இருக்கட்டும், எனக்குக் கை எட்டும்.

புது வாளி, புது மெத்தை, கொடிக்கயிறு. ஹாஸ்டல்தானே? பார்த்ததும் தெரிஞ்சது. பையனா, பொண்ணா? பொண்ணா, நல்லது. முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டுதா? எந்தக் காலேஜ்?

அட, அங்கேயா? என்ன படிக்குது?

கட்டுமான மேலாண்மை. ம். சிவில் முடிச்சுட்டு, அதுக்கு மேலே இதுவா. நல்ல படிப்பு சார். வீடு கட்டுற தொழிலுக்குப் போகணும்னு ஆசைப்படுதுன்னா இதைவிட நல்ல படிப்பு இல்லை. எனக்கு எப்படித் தெரியும்னு பார்க்கறீங்களா? நானும் அதே காலேஜில் அதே பாடத்தைத்தான் படிச்சேன். என் தலையைப் பார்த்துட்டு முப்பது வருஷத்துக்கு முன்னாடின்னு நினைச்சுடாதீங்க. நாலு வருஷம்தான் ஆகுது. அப்போ எனக்கு ஐம்பத்திரண்டு. உங்க பொண்ணு படிக்கிறது முழுநேரம். நான் படிச்சது வேலையில் இருக்கிறவங்களுக்கான சனி ஞாயிறு வகுப்பு. ரெண்டுக்கும் வாத்தியார் ஒருத்தர்தான். மீனலோசனி மேடம். உங்க பொண்ணு வந்து கதை கதையாச் சொல்லும் பாருங்க. ரொம்பக் கண்டிப்பு.

என் பேர் கலியபெருமாள். தஞ்சாவூர்தான். இப்போ அந்தக் காலேஜுக்குத்தான் போறேன். பதினொரு மணிக்குப் புதுசா சேர்ந்த பிள்ளைங்களுக்கு நான் பேசணும். வருஷா வருஷம் கூப்பிடறாங்க, இது மூணாவது வருஷம். உங்க பொண்ணும் உட்கார்ந்து கேட்கும்.

எதைப் பத்தியா? ஒரு விபத்தைப் பத்தி. என் சைட்டில் நடந்தது. நாற்பது நிமிஷம் பேசுவேன், படமெல்லாம் போட்டு. முடிச்சதும் பிள்ளைங்க கை தட்டும். அந்தக் கைதட்டல்தான் சார் எனக்கு ஒத்துக்கறதில்லை. போன வருஷம் பேசிட்டு வந்து நாலு நாள் சோறு இறங்கலை. வீட்டில் கேட்டாங்க, என்னங்க, காலேஜ் கேன்டீன்ல எதையாவது சாப்பிட்டீங்களான்னு. ஆமான்னுட்டேன்.

உங்களுக்குச் சொல்றேன். நேரம் இருக்கு. பொண்ணைப் பெத்தவர், அது எந்த மாதிரி ஆளு பேசறதைக் கேட்கப் போகுதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்.

இருபத்தஞ்சு வருஷம் நான் தனி வீடுகள்தான் கட்டினேன். வாத்தியார் வீடு, பேங்க்காரர் வீடு, இப்படி. கையில் ஒரு டிப்ளமோ. அது போதும்னுதான் இருந்தேன். ஒருநாள் ஒரு வீட்டுக்காரரோட மருமகன் வந்தான், பெங்களூரில் வேலை. சைட்டைச் சுத்திப் பார்த்துட்டு, "அங்கிள், இந்த வீடு எந்தத் தேதியில முடியும்?" அப்படின்னான். "தை மாசம் முடிஞ்சிரும் தம்பி"ன்னேன். "தையில எந்தத் தேதி?"ன்னான். நான் சிரிச்சேன். அவன் சிரிக்கலை. "உங்ககிட்ட ஷெட்யூலே இல்லையா?"ன்னு கேட்டான். என் ஆளுங்க முன்னாடி கேட்டான் சார். சித்தாள் ஒருத்தி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா.

அது போய் மனசில் உட்கார்ந்துக்கிட்டது. அடுக்குமாடி கட்டுற பெரிய கம்பெனிங்களும் அப்போதான் எங்க பக்கம் வர ஆரம்பிச்சிருந்தாங்க. படிச்ச ஆளாப் பார்த்து எடுத்தாங்க. சரி, படிச்சுடுவோம்னு போய்ச் சேர்ந்தேன்.

வகுப்பில் எல்லாம் என் மகன் வயசுப் பிள்ளைங்க. அங்கிள் அங்கிள்னு கூப்பிடும். முதல் ஒரு மாசம் கூச்சமா இருந்தது. அப்புறம் மேடம் ஒருநாள் போர்டில் ஒரு வீட்டை எடுத்து, கடைக்கால் தோண்டுறதிலிருந்து பெயிண்ட் அடிக்கிறது வரைக்கும் ஒவ்வொரு வேலையையும் ஒரு கோடாப் போட்டாங்க. எது முடிஞ்சா எது தொடங்கலாம், எது தள்ளிப்போனா வீடே தள்ளிப்போகும், எல்லாம் அந்தக் கோட்டில் தெரியுது. நான் வாயைப் பிளந்துட்டேன் சார். இருபத்தஞ்சு வருஷமா என் மண்டைக்குள்ளே கொசகொசன்னு கிடந்ததை யாரோ எடுத்து வெயிலில் காயப்போட்ட மாதிரி இருந்தது.

அப்போ நாஞ்சிக்கோட்டை ரோட்டுப் பக்கம் ஒரு மாடி வீடு கட்டிக்கிட்டிருந்தேன். அதையே என் வகுப்பு ப்ராஜெக்டா எடுத்துக்கிட்டேன். கலர் கலரா சார்ட் போட்டு, சிமெண்ட் கொட்டகையில் ஒட்டினேன். ஆளுங்க எல்லாம் கூடி நின்னு பார்த்தாங்க.

அந்தோணிக்கண்ணு வந்தான். அவன் யாருன்னு சொல்லணுமே. சென்ட்ரிங் மேஸ்திரி. தளம் போடறதுக்கு முன்னாடி கீழே பலகை அடிச்சு, சவுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்துவாங்களே, கான்கிரீட் இறுகினப்புறம் பிரிப்பாங்களே, அந்த வேலை. இருபத்திரண்டு வருஷம் என்கூட இருந்தவன். என்னைவிட ரெண்டு வயசு சின்னவன். அண்ணேன்னுதான் கூப்பிடுவான்.

சார்ட்டைப் பார்த்துட்டு, "என்னண்ணே, பரமபதம் விளையாடப் போறீங்களா? ஏணி இருக்கு, பாம்பைக் காணோமே"ன்னான்.

"பாம்பு நீதான்டா"ன்னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். "இதுல நான் எந்தக் கோடுண்ணே?"

"பச்சை."

"பச்சை நல்லாத்தான் இருக்கு. மழை எந்தக் கோடு?"

மழைக்குன்னு தனியாக் கோடு கிடையாதுடா, மூணு நாள் சேர்த்தே போட்டிருக்கேன்னு சொன்னேன். "மூணு நாள்தான் பெய்யணும்னு மேலே சொல்லி வச்சுட்டீங்களாக்கும்"னுட்டுப் போயிட்டான். அவன் அப்படித்தான். பேச்சில் விடமாட்டான். வேலையில் அதைவிட விடமாட்டான்.

அவன்கிட்ட ஒரு வழக்கம். தளம் போட்டு முடிஞ்சு, எந்த முட்டைத் தொடக்கூடாதோ அதில் எல்லாம் சுண்ணாம்பைத் தொட்டு நெஞ்சு உயரத்தில் ஒரு பட்டை இழுத்து வைப்பான். அவன் ஆளுங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுதோ இல்லையோ, சுண்ணாம்பு வச்ச முட்டுன்னா அதில் கயிறுகூடக் கட்டமாட்டாங்க. அவனே வந்து ஈரத்துணியால் துடைச்சுட்டு, "ம், பிரி"ன்னு சொல்லணும். இருபத்திரண்டு வருஷம் அவன் துடைக்காம ஒரு முட்டும் பிரிஞ்சதில்லை.

இப்போ ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேளுங்க. இருபத்தஞ்சு வருஷத்தில் நான் எத்தனையோ பால்கனி கட்டியிருக்கேன். பால்கனி முட்டை எத்தனையாம் நாள் பிரிக்கணும்னு எனக்குத் தெரியாது. அவன் பிரிப்பான். அவ்வளவுதான். எனக்குத் தெரியாதுங்கறதே எனக்குத் தெரியாது.

ரெண்டு பக்கமும் சுவரில் உட்கார்ற தளத்துக்கு ஒரு கணக்கு. பால்கனிக்கு ஒரு பக்கம்தான் பிடி, மறுபக்கம் அந்தரம். கான்கிரீட் முழுசா இறுகணும், மேலே சுவர் ஏறி உள்பக்கம் பாரம் விழணும், அப்புறம்தான் முட்டை எடுக்கணும். மேடம் அதைத் தனியா ஒரு மணி நேரம் நடத்தினாங்களாம். அந்த ஒரு மணி நேரம் நான் வராண்டாவில் நின்னு போன் பேசிக்கிட்டிருந்தேன். யார்கிட்டன்னு கேளுங்க. அந்தோணிகிட்டதான். கம்பி பத்தலைன்னு கூப்பிட்டிருந்தான்.

ஆவணி மாசம். ஒரு புதன்கிழமை தளம் போட்டோம், முன்பக்கப் பால்கனியும் சேர்த்து. மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் மழை. அடுத்த வாரம் வியாழக்கிழமை அந்தோணி வேளாங்கண்ணிக்குக் கிளம்பினான். வருஷா வருஷம் கொடியேத்தத்துக்கு நடந்தே போவான். காவி உடுப்பைப் போட்டுக்கிட்டு விடியற்காலையில் சைட்டுக்கு வந்தான். நான் அப்போதான் வந்திருந்தேன்.

"அண்ணே, உள்பக்கம் தளம் பிரிச்சாப் பிரிச்சுக்குங்க. பால்கனியைத் தொடாதீங்க. நான் வந்துதான் பிரிப்பேன்"னான்.

"சரிடா, போயிட்டு வா. எனக்கும் சேர்த்து வேண்டிக்க"ன்னேன்.

"உங்களுக்கு என்ன வேண்டணும்? பரீட்சையில பாஸாகணும்னா?"

கேலி பண்ணிக்கிட்டே போனவன், திரும்பி வந்தான். கொட்டகையில் சுண்ணாம்பு டப்பா இருந்தது. அதை எடுத்துக்கிட்டு, பால்கனிக்குக் கீழே இருந்த எட்டு முட்டிலும் பழைய பட்டை மேலேயே இன்னொரு தடவை இழுத்து வச்சான். மழைச் சாரலில் மங்கியிருந்தது போல. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணி எட்டும். நான் டீ குடிச்சுக்கிட்டே பார்த்துக்கிட்டிருந்தேன். என் கண்ணால் பார்த்தேன் சார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை மேடமும் வகுப்புப் பிள்ளைங்களும் என் சைட்டைப் பார்க்க வர்றதா ஏற்பாடு. நான்தான் கூப்பிட்டிருந்தேன். அங்கிளோட சைட், சார்ட் போட்டு நடக்கிற சைட். அந்தச் சார்ட்டில் வெள்ளிக்கிழமையோட பச்சைக் கோடு முடியணும். பால்கனியும் அதில்தான் வருது. எல்லாரும் வந்து நிக்கும்போது வீட்டு முகப்பில் காடு மாதிரி முட்டு நிக்குதேன்னு எனக்கு இருந்தது. கோடு ஒரு இடம், வேலை ஒரு இடம்னு இருந்தா என்ன மரியாதை?

வீரையனைக் கூப்பிட்டேன். அந்தோணியோட ஆள். முப்பத்தஞ்சு வயசு, ரெண்டு பிள்ளைங்க. கூட வடக்கத்தி ஆள் ஒருத்தன். பால்கனியைப் பிரிங்கடான்னேன்.

வீரையன் தலையைச் சொறிஞ்சான். "சார், சுண்ணாம்பு வச்சிருக்கு."

"தெரியுது. பிரி."

"மேஸ்திரி வந்துரட்டும் சார். மூணு நாளுதானே."

"ஏண்டா, சைட்டு யாருது? மேஸ்திரியோடதா, என்னோடதா? ஒன்பது நாள் ஆச்சு. புத்தகத்தில் ஏழு நாள்னே போட்டிருக்கு. சுண்ணாம்பைப் பார்த்து வீடு கட்டுற காலமெல்லாம் போச்சு"ன்னேன்.

தெரியாம செஞ்சேன்னுதான் நான் எனக்குச் சொல்லிக்கறேன். ஏழு நாள் கணக்கு பால்கனிக்கு இல்லைங்கறது எனக்குத் தெரியாது, அது நிஜம். ஆனா அந்தச் சுண்ணாம்பைப் பார்த்துக்கிட்டே "பிரி"ன்னு சொன்னப்போ வீரையன் முகத்தை நான் பார்க்கலை பாருங்க, அது ஏன்னு இன்னும் எனக்குப் பிடிபடலை. தெரியாதவனுக்கு முகத்தைப் பார்க்க ஏன் கூசணும்?

ஏழு முட்டு எடுக்கிற வரைக்கும் ஒண்ணும் இல்லை. எட்டாவதைத் தட்டினான். சத்தம்கூட பெரிசா வரலை சார். சுவரோரம் ஒரு கீறல் ஓடினது, பால்கனி அப்படியே கதவு மாதிரி மடங்கி இறங்கிட்டது. வடக்கத்தி ஆள் தப்பிச்சான். வீரையனும் தாவினான். இடது கால் மாட்டிக்கிட்டது.

முழங்காலுக்குக் கீழே எடுத்துட்டாங்க.

ஆம்புலன்ஸ் போனப்புறம் நான் சைட்டில் தனியா நின்னேன். எட்டு முட்டும் வாசலில் குறுக்கும் நெடுக்குமாக் கிடந்தது. எட்டிலும் சுண்ணாம்புப் பட்டை பளிச்சுன்னு தெரியுது. மேற்கே கருத்துக்கிட்டு வருது. இதை எடுத்துக் கொட்டகைக்குள்ளே வைக்கணும்னு எனக்குத் தோணுச்சு. தோணுச்சு சார். ஓரமா எடுத்து வைக்கலை. ஆஸ்பத்திரிக்கு ஓடணுமே, அதில் முட்டை யார் எடுத்து வைப்பாங்கன்னு நீங்க கேட்பீங்க. நானும் அப்படித்தான் கேட்டுக்கறேன். ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி செருப்பைக் கழுவினேன். அதுக்கு நேரம் இருந்திருக்கு.

நான் முட்டைக் கழுவலை. அதை மட்டும் நம்புங்க. மழைதான் கழுவினது. ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது.

அந்தோணிக்கு யாரோ போன் போட்டிருக்காங்க. திருவாரூர் தாண்டிப் போயிருக்கான். அப்படியே பஸ் ஏறி வந்துட்டான். காவி உடுப்பு, கழுத்தில் ஜெபமாலை, காலெல்லாம் கொப்புளம். வீரையன் கட்டில் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். வந்தவன் என்னைப் பார்க்கலை, போர்வை மட்டமா இறங்கியிருந்த இடத்தையே பார்த்தான்.

வீரையன் அழ ஆரம்பிச்சுட்டான். "நான் சொன்னேன் மேஸ்திரி. சுண்ணாம்பு வச்சிருக்குன்னு சொன்னேன். சார்தான் பிரிடான்னாரு."

அந்தோணி என் பக்கம் திரும்பினான். "என்னண்ணே சொல்றான்?"

அந்த இடம்தான் சார். நான் உண்மையைச் சொல்லியிருந்தா, திட்டியிருப்பான். சட்டையைப் பிடிச்சிருப்பான். அதோட முடிஞ்சிருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சுண்ணாம்பு இருந்திருந்தா நான் பிரிக்கச் சொல்லுவேனா அந்தோணி?"

பொய் இல்லை பாருங்க. கேள்விதான். இருந்ததுன்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. கேள்விக்குப் பொய்யின்னு பேர் கிடையாது. ரொம்ப நாள் அதை வச்சுத்தான் தூங்கினேன்.

அந்தோணி கட்டில்கிட்ட குனிஞ்சான். அப்புறம் வீரையனை ஓங்கி ஒரு அறை. காலை இழந்துட்டுப் படுத்துக் கிடக்கிறவனை. "யாரு மேலடா பழி போடுற? இருபத்திரண்டு வருஷமாப் பார்க்கிறேண்டா நான் அவரை"ன்னான். பக்கத்துக் கட்டில்காரங்க எல்லாம் எழுந்துட்டாங்க. நான்தான் அவன் கையைப் பிடிச்சேன். "விடு அந்தோணி, அடிபட்டுக் கிடக்கான்"ன்னேன். சுத்தி நின்னவங்க என்னை எவ்வளவு நல்ல மனுஷன்னு பார்த்தாங்க சார். நானும் அந்த நிமிஷம் அப்படித்தான் நினைச்சுக்கிட்டேன்.

அங்கிருந்து நேரா சைட்டுக்குப் போனான். நானும் போனேன். எட்டு முட்டையும் ஒவ்வொண்ணாப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். கட்டை வெட்டி எடுத்த மாதிரி சுத்தமா இருந்தது. அப்படியே அது மேலேயே உட்கார்ந்துட்டான்.

"டப்பாவை எடுத்த ஞாபகம் இருக்குண்ணே. வச்ச மாதிரியும் இருக்கு. போன வருஷம் வச்சதை நினைச்சுக்கறேனா, என்னன்னு தெரியலை. கிளம்புற அவசரத்துல..."

நான் பக்கத்தில்தான் நின்னேன். "மழையில போயிருக்கும்டா"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வாய் வரலை. அப்போ பார்த்துட்டு ஏன் பிரிக்கச் சொன்னேன்னு போலீஸில் கேட்பாங்களே, வீட்டுக்காரர் கேட்பாரே, மேடம் கேட்பாங்களேன்னு ஒண்ணு மேல ஒண்ணா ஓடுது. "போ, வீட்டுக்குப் போய்ப் படு"ன்னேன்.

அவன் போய்ப் படுத்தவன்தான். சென்ட்ரிங் வேலையை அதோட விட்டுட்டான். நான் விடச் சொல்லலை. அடுத்த சைட்டுக்குக் கூப்பிட்டேன். "என்னை நம்பி எவனும் கீழே நிக்க வேணாம்ணே"ன்னான். ஊரில் மத்த கான்ட்ராக்டர்களுக்கும் தெரிஞ்சுபோச்சு. அடையாளம் வைக்க மறந்து ஆள் காலை எடுத்த மேஸ்திரின்னு பேர் ஆகிப்போச்சு. யார் பரப்பினதுன்னு கேட்காதீங்க. அவனே போற இடமெல்லாம் சொல்லிக்கிட்டான்.

வீரையனுக்குச் செய்ய வேண்டியதை நான் செஞ்சேன். செயற்கைக் கால் வாங்கிக் கொடுத்து, அவன் சம்சாரத்துக்கு ஒரு வேலையும் பார்த்துக் கொடுத்தேன். என்னை யாரும் குறை சொல்ல முடியாது. ஒருநாள் அவன் வீட்டுக்குப் போயிருந்தப்போ சொன்னான், "சார், எனக்கு ஒண்ணும் வேணாம். மேஸ்திரிகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இங்க வந்து என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுவுறாரு. இல்லாத காலைப் பிடிச்சுக்கிட்டு அழுவுறாரு சார்"னான். சொல்றேன் வீரையான்னு வந்தேன். அது ஆச்சு மூணு வருஷம்.

படிப்பா? அதைச் சொல்லலை பாருங்க. விபத்துக்கு அப்புறம் வகுப்பை விட்டுடலாம்னு மேடம்கிட்ட போனேன். அவங்க என்னை உட்கார வச்சுத் தண்ணி கொடுத்தாங்க. "மிஸ்டர் கலியபெருமாள், விடாதீங்க. இதையே எழுதுங்க. நம்ம ஊர்ல சைட் விபத்தைப் பத்தி யாரும் நேர்மையா எழுதறதில்லை"ன்னாங்க. நேர்மையான்னாங்க.

எழுதினேன் சார். ராத்திரி பகலா எழுதினேன். சுண்ணாம்பு வைக்கிற மாதிரி வாய்மொழி வழக்கங்களை நம்பி வேலை நடந்தா, ஒருத்தரோட ஞாபகமறதியே ஒரு காலை எடுத்துடும். அதனால முட்டுப் பிரிக்க எழுத்தில் அனுமதி வேணும், தேதி வேணும், கையெழுத்து வேணும். இதுதான் சாரம். தப்பா, சொல்லுங்க? ஒரு வரியும் தப்பில்லை. அந்தோணி பேரைக்கூட நான் போடலை, மேற்பார்வையாளர்னுதான் போட்டேன். முதல் மார்க் வந்தது. அதைப் பார்த்துத்தான் அடுக்குமாடி கம்பெனியில் எனக்கு வேலை கொடுத்தாங்க. என் அனுமதிப் படிவம் இப்போ பதினாலு சைட்டில் நடைமுறையில் இருக்கு. அந்தப் படிவத்தால் எத்தனை கால் தப்பிச்சிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. நான் நினைச்சுப் பார்க்கறேன். கொஞ்ச நேரம் ஆறுதலா இருக்கும்.

எது? செங்கிப்பட்டி. இன்னும் இருக்கு திருச்சிக்கு. அடுத்து துவாக்குடி வரும். அந்தோணி இப்போ அங்கேதான் இருக்கான். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். ரோட்டிலிருந்தே கேட் தெரியும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான் கேக் வாங்கிக்கிட்டுப் போவேன். தவறினதே இல்லை. அவன் சம்சாரம், அற்புதம்னு பேரு, சொல்றா, "கேட்டைப் பூட்டிட்டு வருவாருண்ணே. பத்தடி வந்ததும் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பாரு. மறுபடி பத்தடி. மறுபடி போவாரு. குடியிருக்கிற பிள்ளைங்க எல்லாம் எண்ணிக்கிட்டு நின்னு சிரிக்குதுங்க." அவனுக்கு ஐம்பத்து நாலு வயசு சார். தண்ணி மோட்டாரைப் போட்டேனா நிறுத்தினேனான்னு கையில் பேனாவால் எழுதி வச்சுக்கறான்.

போன கிறிஸ்துமஸுக்குக் கேட்டான். எப்பவும் கேட்கிறதுதான். "அண்ணே, நான் கிளம்பினப்ப நீங்க அங்கதானே டீ குடிச்சுக்கிட்டு இருந்தீங்க. நான் டப்பாவை எடுத்தேனா, பார்த்தீங்களா?"

"விடுடா. வயசானா எல்லாருக்கும் வர்ற மறதிதான்"ன்னேன். சொல்லிட்டு அவன் கொடுத்த டீயைக் குடிச்சேன்.

இல்லை சார், நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். உங்க முகம் சொல்லுது. நான் கெட்டவன்னு நினைக்கறீங்க. கெட்டவனா இருந்தா இதை உங்ககிட்ட சொல்லியிருப்பேனா? போன வருஷமும் அந்த மேடையில் சொல்லிடணும்னுதான் போனேன். மைக் முன்னாடி நின்னதும், முதல் படம் வந்ததும், வாய் தானாப் பழைய பாட்டைப் பாடுது. நாற்பது நிமிஷமும் ஓடிப்போகுது. நானா ஆரம்பிக்க என்னால் முடியலை. யாராவது என்னைக் கேட்டுட்டா போதும். ரெண்டு வருஷமா எத்தனை பிள்ளைங்க, ஒண்ணுகூடக் கேட்கலை சார். மேற்பார்வையாளர் மறந்துட்டார்னு சொன்னா, மறந்துட்டார்னு எழுதிக்குது. அது எப்படி உங்களுக்குத் தெரியும்னு கேட்க ஒரு பிள்ளைக்குத் தோணலையே. என்ன படிப்பு சார் சொல்லிக் கொடுக்கறாங்க?

அதான் நினைக்கறேன். உங்க பொண்ணுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்களேன். கடைசியில், "ஏதாவது கேள்வி இருக்கா?"ன்னு நான் கேட்பேன். அப்போ எழுந்து நின்னு ஒரே ஒரு கேள்வி: "சார், அந்த முட்டுல சுண்ணாம்பு இருந்ததை நீங்க பார்த்தீங்களா?" அவ்வளவுதான். கேட்டா சொல்லிடுவேன். மேடம் இருப்பாங்க, எல்லாரும் இருப்பாங்க, அதுக்கு மேலே மறைக்க முடியாது. அந்தோணிக்கும் எப்படியாவது போய்ச் சேர்ந்துடும். பொண்ணு தைரியமா பேசுமா? பேசும்னு நினைக்கறேன். உங்களைப் பார்த்தாத் தெரியுது.

துவாக்குடி, துவாக்குடின்னு கத்தறாரே. இல்லைங்க, நான் இறங்கலை. இறங்கினா பதினொரு மணிக்கு எப்படிப் போறது? அதோ பாருங்க, அந்த நீலக் கேட். ஸ்டூல் மட்டும் இருக்கு, ஆளைக் காணோம். உள்ளே போயிருப்பான் போல. பரவாயில்லை. இப்போ அவன்கிட்ட தனியாச் சொல்லி என்ன ஆகப் போகுது? எல்லார் முன்னாடியும் வந்தாத்தானே அவன் பேர் தெளியும்? போ, போ, விசில் அடிச்சாச்சு.

இப்பவே போடறீங்களா? சரி, போடுங்க. கொஞ்சம் ஜன்னல் பக்கமாத் திரும்பிப் பேசுங்க, பின்னாடி ஆள் இருக்கு. கேள்வியைச் சரியாச் சொல்லுங்க. சுண்ணாம்பு இருந்ததான்னு கேட்கக் கூடாது. இருந்ததைப் பார்த்தீங்களான்னு கேட்கணும். முன்னதுக்கு நான் எதையாவது சொல்லித் தப்பிச்சுடுவேன்.

ரிங் போகுதா?

சார், ஒரு நிமிஷம். யார் கேட்கச் சொன்னாங்கன்னு பொண்ணு கேட்டா, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த யாரோ ஒருத்தர்னு சொல்லுங்க. நான்னு சொல்லிடாதீங்க.